பதினேழாம் பக்கத்தில் என் கையெழுத்து

எனக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முதுகில் மருந்துப் பம்பை மாட்டிக்கொண்டு போன என் சரசு அக்காவுக்கு,

வசந்தி எழுதுகிறேன். நலமா என்று கேட்கிற இடத்தில் நீ இல்லை. நலம் என்று சொல்கிற நிலையில் நானும் இல்லை. இரண்டு மாதமாக வயிறு எரிகிறது அக்கா. வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்குப் போகிறேன். காரில் தனியாகப் போகும்போது வாய்விட்டுத் திட்டுகிறேன். போன வாரம் ஈப்போவில் ஒரு சிவப்பு விளக்கில் நின்று திட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காரில் இருந்த சீனக் கிழவர் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

உன்னிடம் சொன்னால்தான் இது அடங்கும். ஆனால் உன்னிடம் மட்டும் சொன்னால் போதாது. அதனால் நாலு பேர் கேட்கட்டும் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் சிலருக்குச் சுருக்கென்று தைக்கும், தைக்கட்டும்.

விஷயம் இதுதான். பீடோருக்கு உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், இரண்டு வருடம் பாடுபட்டு நான் உயிர்ப்பித்த ஒரு மலைச்சரிவில் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். நீ அடித்த அதே மருந்து இல்லை. அதை நாட்டிலேயே தடை செய்துவிட்டார்கள், உன் காலத்துக்கு அப்புறம். இது வேறு பெயர், வேறு டின். முதுகில் தூக்குகிற பம்பு மட்டும் அதேதான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது கேட்டால் நீ என்ன சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா? "பூச்செடி நட்டுக் குடுக்கிற எஞ்சினியரு." எத்தனை முறை திருத்தினாலும் கேட்க மாட்டாய். நிலத்தை வடிவமைக்கிறேன் அக்கா, செடி அதில் ஒரு பகுதிதான், தண்ணீர் எங்கே போகும், மண் எங்கே நிற்கும், மனிதர்கள் எங்கே நடப்பார்கள், எல்லாம் யோசிக்க வேண்டும் என்பேன். "அதத்தான நானும் சொன்னேன், பூச்செடி" என்பாய். இப்போது யோசித்தால், இந்தத் தொழிலில் பாதிப் பேரைப் பற்றி நீ சொன்னது சரிதான்.

அந்தத் தோட்டம் நம்முடையது இல்லை. நாம் சிலிம் ரிவர் பக்கம். ஆனால் நீ அங்கேயும் போயிருக்கிறாய். கண்ட்ராக் லோரியில் பத்துப் பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பீடோர் தோட்டத்துக்கு மருந்தடிக்கக் கூட்டிப் போவார்களே, அந்தத் தோட்டம்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புக் கம்பெனி வந்தது. புல்டோசர் வந்து மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகு, அடியில் இருந்த மஞ்சள் களிமண் மட்டும் வெயிலில் கிடந்தது. மழை பெய்தால் கீழே ஓடுகிற சிற்றாறு தேத்தாரே டீ நிறத்தில் கலங்கிப் போகும். அந்த நிலையில்தான் பூங்கா அமைத்துத் தர என்னைக் கூப்பிட்டார்கள்.

வழக்கமாக என்ன செய்வார்கள் தெரியுமா? களிமண்ணின் மேல் பாய் விரிக்கிற மாதிரி புல்லை விரிப்பார்கள். இரண்டு வரிசை பனை நடுவார்கள். ஆற்றைச் சிமெண்டுக் கால்வாயில் போட்டு மூடுவார்கள். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வருடத்தில் புல் செத்து, கால்வாய் உடைந்து, கீழே இருக்கிற தாமான் வீடுகளுக்குள் வெள்ளம் போகும். அதற்குப் பெயர் மேம்பாடு.

நான் அதைச் செய்ய மாட்டேன் என்றேன். இப்போது எங்கள் தொழிலில் ஒரு பேச்சு இருக்கிறது அக்கா. நிலத்தை இனிமேல் கெடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்து, நாம் வந்ததைவிட நல்ல நிலையில் விட்டுப் போக வேண்டும். ரீஜெனரேட்டிவ் என்று அதற்கு ஒரு பெரிய சொல். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மண்ணுக்கு மறுபடி உயிர் வர வேண்டும். புழு வர வேண்டும், பூஞ்சை வர வேண்டும், வேர் தானாக இறங்க வேண்டும். நாம் வழிவிட்டு ஒதுங்க வேண்டும்.

அதைத்தான் செய்தோம். சரிவின் குறுக்கே மட்டம் பார்த்து நீளக் குழிகள் வெட்டி, மழைத்தண்ணீரை நிறுத்தி இறக்கினோம். தரை மூட பயற்றுக் கொடி விதைத்தோம். வெட்டிய கிளை, இலை எதையும் லோரியில் ஏற்றாமல் அங்கேயே பரப்பினோம். ஆற்றங்கரையில் ஈரம் தாங்குகிற நம் ஊர் மரங்கள். குழியும் கொடியும் பழைய ரப்பர் தோட்டங்களிலேயே இருந்தவைதான், புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் குழிகளை வெட்டியவர்களுக்கு எந்த மேடையிலும் பொன்னாடை போர்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் வருடம் பார்க்கச் சகிக்காது. குடிவந்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுத் திட்டினார்கள். செமாக், செமாக் என்று, வெறும் புதராம். பாம்பு வரும், கொசு வரும், வீட்டு விலை இறங்கும் என்று. நான் ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் போய்க் குழியில் குச்சி வைத்துப் பார்த்து, இரண்டு நாளில் தண்ணீர் இறங்கிவிடுகிறது, கொசு முட்டையிட நேரமில்லை என்று படம் எடுத்து அனுப்புவேன். இரண்டாம் வருடம் திட்டு குறைந்தது. ஒரு நாள் மழை விட்ட மறுநாள் போனேன், ஆற்றின் அடியில் கல் தெரிந்தது. கரையில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. வேலைக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அந்தக் கம்பெனியில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன் குணா. நம் ஆள்தான். சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவரின் மகன், படித்து மேலே வந்தவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சரிவைக் காட்டி, "இது எங்க அக்கா செஞ்சது, மருந்தே இல்லாம" என்பான். நான் பூரித்துப் போவேன். மருந்தே இல்லாமல் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இந்த வேலையையே எடுத்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனேன். வாசலிலேயே வாடை அடித்தது. சில நாளாகவே அடித்திருக்க வேண்டும், மேல் பாதிச் சரிவு முழுக்கக் கொடி சுருண்டு மஞ்சளாகிக் கிடந்தது. நடுவில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், முதுகில் பம்பு, மூக்கைச் சுற்றித் துண்டு, ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டே மறுகையால் குழாயை ஆட்டிக்கொண்டு, குழி ஓரமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

நீ நடக்கிற நடை அது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து.

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.

அவள் நின்று துண்டை இறக்கினாள். "யாருக்கா நீங்க?"

"இந்த இடத்த டிசைன் பண்ணது நான்தான்."

"ஓ, நீங்கதானா?" முகம் மலர்ந்தது அவளுக்கு. "நல்லதா போச்சு. உங்ககிட்டயே கேட்டுர்றேன். கீழ ஆத்து ஓரத்துலயும் அடிக்கணுமா, இல்ல இதோட போதுமா?"

நான் சொல்லித்தான் நடக்கிறது என்று நினைத்துக் கேட்கிறாள், அக்கா. யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"சூப்பர்வைசருதான். பேப்பர்ல இருக்குன்னாரு. நல்ல பார்க்குக்குப் பரிசு குடுக்கிற ஆளுங்க வாராங்களாம், டத்தோ பட்டம் வாங்குன பெரிய ஆளுங்கல்லாம் வாராங்களாம். கிளீனா இருக்கணுமாம்."

அவள் பெயர் புஷ்பா. பராமரிப்புக் கண்ட்ராக்காரனிடம் நாள் கூலி. பீடோரில் வாடகை வீடு, பிறந்தது தோட்டத்தில். கையுறை எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "இருக்கு. ஆம்பளைங்க சைசுலா இது. போட்டா பிடி வழுக்குது." முதுகைத் திருப்பச் சொன்னேன். பம்பு மூடி இறுகாமல் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது.

உன் ரவிக்கைகளின் முதுகில் நீலக் கறை இருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது நீலத்திலேயே எடுத்துக்கொள்கிறேன், கறை தெரியாது என்று சிரிப்பாய். சாயங்காலம் நான் ஓடி வந்து கட்டிக்கொள்ளப் போனால், தள்ளி நில்லு, குளிச்சிட்டு வாரேன் என்பாய். உன் விரல் நகம் ஒவ்வொன்றாகக் கறுத்து உதிர்ந்தது. விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கும்போதே மூக்கில் ரத்தம் வரும், துடைத்துக்கொண்டு பேர் கொடுப்பாய். பேர் எழுதுகிற கிராணி நிமிர்ந்து பார்த்ததுண்டா? பால்மரம் வெட்டினால் மழையில் வேலை போய்விடும், மருந்தடித்தால் நிச்சயம் வேலை உண்டு, தங்கச்சி படிக்கிறாள் என்று நீயே கேட்டு வாங்கிய வேலை அது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் உனக்கு மூச்சு முட்டியபோது ஒரு டாக்டர், சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். கடைசிக் காகிதத்தில் நுரையீரல் என்று எழுதினார்கள். அந்த நுரையீரலுக்கு என்ன ஆனது, ஏன் ஆனது என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. யாரும் எழுதவில்லையே என்ற கோபத்தில்தான் நான் இத்தனை வருடம் ஓடினேன்.

புஷ்பாவிடம் பம்பை இறக்கி வைக்கச் சொன்னேன். அவள் இறக்கவில்லை.

"நீங்க சொல்லிட்டு ஈப்போ போயிருவீங்கக்கா. சாயங்காலம் எங்கள மேய்க்கிற மண்டோரு வந்து டின்னப் பாப்பாரு. மிச்சம் இருந்தா, நாளைக்கி வராதன்னுருவாரு. அப்ப நான் உங்க வீட்டுக்கா வர முடியும்?"

குணாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன், அதுவரை நிழலில் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். கார்க் கண்ணாடியில் பார்த்தேன், நான் காரைத் திருப்புவதற்குள் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஈப்போவில் கம்பெனி ஆபீசுக்குள் நான் நுழைந்த வேகத்தில் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். குணாவின் அறைக்கதவைத் தட்டவில்லை. கொலைகாரப் பாவிகளா, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா, மருந்தே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிவிட்டு ஒரு பெண்ணின் முதுகில் விஷத்தை ஏற்றி விட்டிருக்கிறீர்களே, உன் தோட்டத்தில் உன் சொந்தக்காரிகள் இப்படித்தானே செத்தார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி வைத்தான்.

"கோவப்படாதீங்கக்கா. இதப் படிங்க."

நான் கொடுத்த பராமரிப்புக் கையேடு அது. பதினேழாம் பக்கம். நடைபாதை ஓரங்களிலும் சரிவுகளிலும் வளரும் களைகளுக்கு அனுமதிக்கப்பட்ட களைக்கொல்லியை மாதம் ஒரு முறையோ, தேவைப்படும்போதோ தெளிக்கவும். இதுதான் அந்தப் பத்தி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வைக்கிற மாதிரி, அந்தப் பக்கத்தின் அடியிலும் என் சுருக்கக் கையெழுத்து.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் மாதக்கணக்கில் வரைந்தேன். ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் கையால் அளந்தேன். கடைசியில், பராமரிப்பைக் கண்ட்ராக்காரனிடம் ஒப்படைக்கிற நேரத்தில் கையேடு கேட்டார்கள். அது சலிப்பான வேலை, யாரும் படிக்க மாட்டார்கள் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. பழைய ஹோட்டல் வேலைக்கு எழுதிய கோப்பைத் திறந்து, மேலே பெயரை மாற்றி, செடிப் பட்டியலை மாற்றி, கொடுத்துவிட்டேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் வரைந்த படத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை அக்கா. வேலை செய்கிறவர்கள் கையில் போய்ச் சேர்வது அந்தக் கையேடுதான். புஷ்பா கையில் போய்ச் சேர்ந்தது நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கம்.

நீ என்னை எதற்குப் படிக்க வைத்தாய்?

குணா தண்ணீர் கொடுத்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான். "மனுசன்னா தப்பு வரும்லா. இப்ப என்ன, செத்த கொடி மேல புல்லுப் பாய விரிச்சிருவோம். பரிசுக்காரங்க ஒரு மணி நேரம் நிப்பாங்க, போயிருவாங்க. பரிசு கெடைச்சா ரெண்டாங்கட்ட நெலம் முழுக்க உங்களுக்குத்தான். அப்ப இந்தப் பேப்பர மாத்திக்கலாம்."

"இப்பவே மாத்து."

"இப்ப மாத்துனா ஏன்னு கேப்பாங்க. கையால களை பறிக்க ஆளு கூட வேணும், மேல ஒத்துக்க மாட்டாங்க. வெளிய பேசுனா உங்க பேருதான் கெடும்கா. எங்க பேரு எங்கயும் இல்ல, பாருங்க." கோப்பை மூடினான்.

அவன் மிரட்டவில்லை. உண்மையைச் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் செய்கிற அயோக்கியத்தனம் அத்தனைக்கும் அவர்களிடம் என் கையெழுத்து இருக்கிறது. பெரிய பெரிய எழுத்தில் மண்ணின் உயிர் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், அதன் கீழே நின்றுகொண்டு பேசுகிறோம். மண் எப்போது சாக வேண்டும் என்பது மாதம் ஒரு முறை என்று கோப்பில் இருக்கிறது.

பரிசுக் குழு வந்த அன்று போவதா வேண்டாமா என்று காலை வரை தெரியவில்லை. பேசினால் பெயர் போகும், பதினைந்து வருட ஆபீஸ் போகும், என்னிடம் வேலை செய்கிற மூன்று பேர் தெருவில் நிற்பார்கள். பேசாவிட்டால் புஷ்பா அடுத்த மாதமும் வருவாள். அடுத்த மாதம் என்பதை நினைத்தபோது சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூடாரம், குளிர்ந்த குவே பலகாரம், சட்டையில் அட்டை குத்திய ஆட்கள். சரிவு முழுக்கப் பச்சைப் புல் விரித்திருந்தார்கள். குழிகளை எல்லாம் மண் தள்ளி மூடியிருந்தார்கள். எவ்வளவு நேர்த்தி என்று ஒரு டத்தோ பாராட்டினார். குழுவில் ஒரு மலாய் அம்மா மட்டும் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டார். குணா என்னைப் பார்த்தான். நான் பையிலிருந்து கையேட்டை எடுத்தேன்.

பதினேழாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். இதை எழுதியது நான், படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் நான், இதன்படி அடித்தது இவர்கள் என்றேன். புல்லின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினேன். அடியில் மஞ்சளாகச் செத்த கொடி, அதன் வாடை. யாரோ பின்னால் சிரித்தார்கள், சங்கடச் சிரிப்பு. குணா என் அருகில் வந்து மெதுவாக, "அக்கா, ப்ளீஸ்லா, நானும் பிள்ளகுட்டிக்காரன்" என்றான். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

பரிசு இல்லை. இரண்டாங்கட்ட வேலைக்கு உங்கள் சேவை தேவைப்படாது என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. ஆனால் முதல் கட்டத்துக்குப் பொறுப்பு இன்னும் என்னிடம்தான். அதனால் திருத்திய கையேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். களைக்கொல்லி கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும் என்று. குணா என் முகத்தைப் பார்க்காமல் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டான். புல்லைச் சுருட்டி எடுக்க வைத்தேன். மூடின குழிகளை மறுபடி தோண்ட வைத்தேன். போன வாரம் போனபோது அங்கங்கே புதிய கொடித்தளிர் வந்திருந்தது.

இதோடு முடித்திருந்தால் உனக்கு நல்ல கடிதமாக இருந்திருக்கும். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கும் ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் புஷ்பாவுக்குப் போன் போட்டேன். இனிமேல் அங்கே மருந்தடிக்க வேண்டாம், சந்தோஷமான செய்தி என்றேன்.

"தெரியும்கா. அன்னிக்கே எங்கள வேண்டான்னுட்டாங்க" என்றாள். "கையால பறிக்க வேற கும்பல் கொண்டாந்திருக்காங்க. மருந்து பம்புக்காரிங்க எதுக்குன்னு கண்ட்ராக்காரரு வேற எடத்துக்கு அனுப்பிட்டாரு."

எங்கே என்று கேட்டேன்.

"ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்லக்கா. புதுசா ஒரு பார்க்கு. காலைல லோரில ஏத்திட்டு வாராங்க, ரொம்ப தூரம்லா." பின்னால் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. "உங்கள நெனச்சேன். இங்கயும் அதே பேப்பருதான் காட்டுறாங்க. உங்க பார்க்கு தானக்கா இதுவும்?"

இல்லை என்றேன். ஜெலாப்பாங்கில் நான் எந்த வேலையும் செய்யவில்லை. அந்தப் பேப்பரை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

வந்தது. மேலே வேறொரு ஆபீசின் பெயர். அடியில் யாரோ ஒருவரின் சுருக்கக் கையெழுத்து. நடுவில் என் பத்தி, ஒரு சொல் மாறாமல். பக்க எண் கூட மாறவில்லை.

எப்படி என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சில வருடங்களுக்கு முன்பு, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நல்ல பராமரிப்புக் கையேடு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் அந்த ஹோட்டல் கோப்பை அனுப்பினேன். பெரிய மனசு என்று கும்பிடுகிற கைப் பொம்மை போட்டார்கள். அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெயரை மாற்றி, செடிப் பட்டியலை மாற்றி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். என்னைப் போலவே.

எத்தனை பூங்கா அக்கா? எத்தனை சரிவு? சிலிம் ரிவரிலிருந்து ஈப்போ வரை காரில் போகும்போது மஞ்சளாகத் தெரிகிற ஒவ்வொரு சாலை ஓரத்தையும் பார்த்து, இது என்னுடையதா என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பெண்கள் என்று கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திட்டுவதற்குக் கம்பெனிக்காரன் வேண்டும், சூப்பர்வைசர் வேண்டும், செமாக் என்று கூவுகிற குடியிருப்பாளர் வேண்டும் என்று இருந்தேன். அவர்களை விடப்போவதில்லை. அவர்கள் பங்கு அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கோப்பு என் கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்டது. நான் திருத்திக் கொடுத்ததிலும் இன்னொரு தப்பு இருக்கிறது. மருந்து கூடாது என்று எழுதினேனே தவிர, மருந்தடித்தவர்களுக்கே அந்தக் கைவேலையைக் கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. மண்ணைக் காப்பாற்றினேன், புஷ்பாவை லோரியில் ஏற்றி அனுப்பினேன். மண்ணுக்கு மட்டும் உயிர் வந்தால் போதும் என்று இருக்கிற வடிவமைப்பு என்ன வடிவமைப்பு, சொல்லு.

அதனால் இதைப் படிக்கிற என் தொழில்காரர்களே, உங்கள் அலமாரியில் அந்தக் கையேடு இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். இருந்தால் அது என்னுடையது. வெட்கப்பட வேண்டாம், என் பெயரைச் சொல்லியே கிழியுங்கள்.

அக்கா, நாளைக் காலை ஜெலாப்பாங்கில் தொடங்குகிறேன். அந்த ஆபீசில் உட்கார்ந்து, அந்தப் பத்தியை அடித்து, கையால் களை எடுக்கும் வேலை புஷ்பாவுக்கும் அவளோடு வருகிறவர்களுக்கும் என்று எழுதி வாங்காமல் எழுந்து வர மாட்டேன். அடுத்து யாருக்கு அனுப்பினேனோ அவர்கள், அப்புறம் அவர்கள் அனுப்பியவர்கள். எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும். உன் முதுகில் பம்பை ஏற்றியது யார் என்று கடைசி வரை எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. புஷ்பாவின் முதுகில் ஏற்றியது யார் என்று எனக்குத் தெரியும். நானே போய் இறக்குகிறேன்.

நீ படிக்க வைத்த உன் தங்கச்சி,
வசந்தி
ஈப்போ